சுவரில் எழுதாத எல்லைகள்

திருத்தங்கலிலிருந்து சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் போகும் சாலைகளின் இருபுறமும் கருவேலங்காட்டுக்கு நடுவே பட்டாசு ஆலைகளின் அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. மருந்து கலக்கும் அறையோ, மணிமருந்து அடைக்கும் அறையோ, எதுவானாலும் வெளிச்சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும்: அறை எண், உள்ளே நடக்கும் வேலை, எத்தனை ஆள் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி அது கட்டாயம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அந்த வரியைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி, எல்லை மீறப்பட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

எழுதிவைத்ததாலேயே எல்லை காக்கப்பட்டுவிடுவதில்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலையில் வேலை நடந்தது. முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் உயிர் போனது. சுவரில் இருக்கும் வரி ஒரு காவல் என்றால், அதை வந்து பார்க்கும் அதிகாரி இன்னொரு காவல். இரண்டும் வேண்டும். இந்த ஊர் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட பாடம் இது.

இங்கிருந்து தெற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் கூடங்குளம் இருக்கிறது. அங்கும் எல்லைகள் உண்டு. ஆள் கணக்கும் கிலோ கணக்குமாக இல்லாமல் அழுத்தமும் வெப்பநிலையுமாக இருப்பவை. அவற்றை வகுப்பது யார், மறுபடி மறுபடி கணக்கிடுவது யார், மீறினால் கேட்பது யார், வெளியே இருக்கும் நமக்கு அதில் எவ்வளவு தெரிகிறது? அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்தில் இந்தக் கேள்விகள் அமுங்கிப்போகின்றன. உலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் இவை பொதுவான கேள்விகள்.

கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்யாவின் வி.வி.இ.ஆர்.-1000 வகை உலைகள். எரிபொருள் ஒரு பெரிய எஃகுக் கலனுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் 320 டிகிரி செல்சியஸுக்குப் போனாலும் கொதிக்கக் கூடாது என்பதற்காக 15.7 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 155 மடங்கு அது. கலனின் வடிவமைப்பு எல்லை 17.6 மெகாபாஸ்கல், 350 டிகிரி. பயன்பாட்டுக்கு வருமுன் 24.5 மெகாபாஸ்கல் வரை தண்ணீரால் அழுத்திச் சோதிப்பார்கள். இவையெல்லாம் மேல் எல்லைகள். கொதிகலன் பக்கத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும்: இவ்வளவுக்கு மேல் அழுத்தாதே, இவ்வளவுக்கு மேல் சூடாக்காதே.

ஆனால் உலைக்கலனுக்கு இன்னொரு எல்லை இருக்கிறது. அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கலன் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிக அழுத்தம் ஆபத்து. எஃகு சூடாக இருக்கையில் இழுத்தால் வளைந்துகொடுக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளைந்துகொடுக்காமல் திடீரென்று விரிசல் ஓடிவிடும். புது எஃகில் இந்த மாற்றம் சாதாரணமாக அறைவெப்பத்துக்கும் கீழே நிகழ்வதால் கவலை இல்லை. உலைக்குள்ளோ எரிபொருளிலிருந்து புறப்படும் நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் கலனின் சுவரை மோதிக்கொண்டே இருக்கின்றன. எஃகின் அணு அடுக்குகள் குலைகின்றன. அதில் கலந்திருக்கும் செம்பு, நிக்கல், பாஸ்பரஸ் எல்லாம் சேர்ந்து அந்த மாற்ற வெப்பநிலையை மேலே மேலே தள்ளுகின்றன. பத்தாண்டுக்கு முன் பாதுகாப்பாக இருந்த அழுத்த-வெப்ப நிலை இன்று அப்படி இல்லாமல் போகலாம். எனவே இந்த எல்லை நகரும் எல்லை. கண்காணிப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது என்பேன். ஒருமுறை வரைந்து சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போக முடியாது.

அழுத்தத்தை ஓர் அச்சிலும் வெப்பநிலையை இன்னொன்றிலும் வைத்து ஒரு வளைகோடு வரைகிறார்கள். உலையைச் சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் நடத்த வேண்டும். எவ்வளவு வேகத்தில் சூடேற்றலாம், குளிர்விக்கலாம் என்பதும் அதில் அடங்கும். அமெரிக்க நிலையங்களில் பொதுவாக மணிக்கு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடாது. எரிந்துகொண்டிருக்கும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வேகக் கட்டுப்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆபத்து ஏட்டளவில் நின்றதா என்றால், இல்லை. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்கு அருகே ராஞ்சோ செகோ என்ற நிலையம். 1978 மார்ச் 20 அன்று கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சின்ன விளக்குப் பல்பை மாற்றிக்கொண்டிருந்தார் ஒரு பணியாளர். பல்பு கைநழுவிப் பலகைக்குள் விழுந்து மின்குறுக்கு ஏற்பட்டது. பல கருவிகளுக்கு மின்சாரம் போனது. தவறான அளவீடுகளை நம்பிக் கட்டுப்பாட்டு அமைப்பு தாறுமாறாக வேலை செய்ததில் உலை நின்றது. பிறகு நீராவி உருவாக்கிகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் அளவுக்கு மீறிப் போனது. ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் உலைத் தண்ணீரின் வெப்பம் 150 டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டது. அழுத்தமோ உயர்ந்தே இருந்தது. குளிரும் அழுத்தமும் ஒன்றுசேரும் அந்தக் கெட்ட மூலைக்குக் கலன் போய் வந்தது. அது ஓடத் தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன, எஃகு இன்னும் இளமையாக இருந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. முப்பதாண்டு பழைய கலனாக இருந்திருந்தால் என்ற கேள்வி அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தைத் தூங்கவிடவில்லை. 1981 நவம்பரில் ஃபுளோரிடாவின் டர்க்கி பாயின்ட் நான்காவது உலையில், குளிர்ந்த நிலையிலேயே அழுத்தம் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் எல்லைக்கோட்டைத் தாண்டியது. 1985இல் ஆணையம் தனி விதியே கொண்டுவந்தது: கலனின் தகடுகளிலும் நெடுக்குப் பற்றவைப்புகளிலும் மாற்றத்தைக் குறிக்கும் வெப்பநிலை 132 டிகிரியைத் தாண்டுமென்று கணக்கு வந்தாலோ, வட்டப் பற்றவைப்பில் 149ஐத் தாண்டுமென்று வந்தாலோ, தனியாக நிரூபித்துக் காட்டாமல் உலையை ஓட்ட முடியாது.

கோட்டை எப்படி வரைகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு நல்ல மனப்பாங்கு இருக்கிறது. கலனில் விரிசல் இல்லை என்று நம்பித் தொடங்குவதில்லை. இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு, சுவரின் கனத்தில் கால்பங்கு ஆழமும் ஒன்றரை மடங்கு நீளமும் கொண்ட விரிசலைக் கற்பனை செய்யச் சொல்கிறது. இருபது சென்டிமீட்டர் சுவர் என்றால் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முப்பது சென்டிமீட்டர் நீளம். அப்படி ஒரு விரிசல் இருந்தாலும் ஓடாமல் நிற்க எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்த்து, அழுத்தத்தால் வரும் விசையை இரண்டால் பெருக்கிக்கொண்டு கோட்டை வரைகிறார்கள். எஃகின் இன்றைய நிலையை அறிய இன்னொரு வழி: கலன் செய்யும்போதே அதே எஃகிலிருந்தும் அதே பற்றவைப்பிலிருந்தும் விரலளவுத் துண்டுகளை வெட்டி, பெட்டிகளில் அடைத்து உலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெட்டியை எடுத்து, துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலையில் ஊசல் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கிறார்கள். எத்தனை டிகிரியில் எவ்வளவு ஆற்றலை உறிஞ்சி உடைந்தது என்பதுதான் அந்தக் கலனின் உண்மை வயது.

மாசசூசெட்ஸின் யாங்கி ரோ நிலையத்தில் இந்தச் சான்று போதுமானதாக இல்லை. பழைய கலன், எஃகு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. 1991இல் நிறுத்தினார்கள், 1992இல் நிரந்தரமாக மூடினார்கள். விபத்து எதுவும் நடக்காமலே, தெரியவில்லை என்ற காரணத்தால் ஒரு நிலையத்தை மூட முடிந்தது. அங்கே கண்காணிப்பு வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ரஷ்யர்கள் வேறு வழி கண்டார்கள். நியூட்ரான் பட்டு இறுகிய கலனைச் சூடேற்றிப் பதப்படுத்தி, எஃகின் நெகிழ்வைப் பெருமளவு மீட்கிறார்கள். பின்லாந்தின் லோவீசா முதல் உலையில் 1996இல் அப்படிச் செய்தார்கள். கூடங்குளத்தின் வகையைச் சேர்ந்த பலகோவோ முதல் உலையில் 2018இல் செய்தார்கள்.

அந்த வளைகோடு நெடுங்காலம் அமெரிக்க உரிமத்தின் பகுதியாகவே இருந்தது. ஒரு புள்ளியை மாற்றவும் உரிமத்தைத் திருத்த வேண்டும். 1996 ஜனவரியில் ஆணையம் ஒரு பொதுக் கடிதம் மூலம் இதைத் தளர்த்தியது. கணக்கிடும் முறை ஆணையத்தின் ஒப்புதலோடு உரிமத்தில் நிற்கும். எண்களை ‘அழுத்த வெப்பநிலை எல்லை அறிக்கை’ என்ற தனி ஏட்டுக்கு மாற்றி, நிலையமே புதுப்பித்து ஆணையத்துக்கு அனுப்பலாம். காகித வேலை குறைந்தது. ஆணையம் கண்காணிப்பைக் கைவிட்டது என்று சொல்வதற்கில்லை. முறையைப் பூட்டிவைத்தார்கள், எண்ணை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். இந்த ஏற்பாட்டை நான் ஒத்துக்கொள்வதற்கு ஒரே காரணம், அந்த அறிக்கைகளை ஆணையத்தின் பொது ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான்.

அமெரிக்காவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் 2002 மார்ச்சில், கலனின் மூடியில் போரிக் அமிலம் தின்ற பள்ளம் தெரியவந்தது. பதினைந்து சென்டிமீட்டர் கன எஃகு கரைந்து, உள்பூச்சாக இருந்த ஒரு சென்டிமீட்டர் அளவு துருப்பிடிக்காத எஃகு மட்டும் அத்தனை அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிலையத்தை நிறுத்திப் பரிசோதிக்க ஆணையம் உத்தரவு தயாரித்திருந்தது. நிறுவனம் கேட்டுக்கொண்டதால் கெடுவை நீட்டியது. நிறுவனத்தின் பணக்கஷ்டத்தைக் குறைக்கும் எண்ணம் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது என்று ஆணையத்தின் சொந்தத் தலைமை ஆய்வாளரே பிறகு எழுதினார். அவர் எழுதியதும், அது அச்சில் வந்ததும் முக்கியம். பெல்ஜியத்தின் டோல் மூன்றாவது உலைக்கலனில் 2012இல் ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் நுண்பிளவுகள் தெரிந்தபோதும் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு பிற நாட்டு வல்லுநர்களை அழைத்து, மதிப்பீட்டைப் பொதுவில் வைத்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவின் பெரும்பாலான உலைகளில் இப்படிப் பெரிய கலன் கிடையாது. 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் முதல் உலை போன்ற கனநீர் உலைகளில், 306 தனித்தனிக் குழாய்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றன. சிர்கோனியக் கலவையால் ஆன குழாய்கள். இவற்றின் நோய் வேறு. காலப்போக்கில் குழாய் டியூட்டீரியத்தை உறிஞ்சுகிறது, தொய்கிறது. குளிரும்போது ஹைட்ரைடு தகடுகள் உள்ளே படிந்து உலோகத்தை நொறுங்க வைக்கின்றன. இங்கும் குளிர்ந்த நிலையில் அழுத்தம்தான் வில்லன். கனடாவின் பிக்கரிங் இரண்டாவது உலையில் 1983 ஆகஸ்டில் ஒரு குழாய் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் குழாய்க் கலவை மாறியது. கல்பாக்கத்திலும் 2002 தொடங்கி இரு உலைகளின் குழாய்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். கதிர்வீச்சுக்கு நடுவே செய்த அந்த வேலை இந்தியப் பொறியாளர்களின் சாதனை.

புதுக் குழாயும் காப்புறுதி இல்லை என்பதைக் குஜராத்தின் கக்ராபார் காட்டியது. 2016 மார்ச் 11 காலை, முதல் உலையின் ஒரு குழாய் கசிந்து உலை நின்றது. குழாய்கள் மாற்றப்பட்டு அதிக ஆண்டுகள் ஆகவில்லை. குழாயைச் சுற்றி ஓடும் கரியமில வாயுவில் கலந்த மாசு வெளிப்புறத்தை அரித்திருந்தது. உள்ளழுத்தம், உள்வெப்பம் இரண்டையும் விழித்த கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும், வெளியே ஓடும் வாயு வழியாகக் கேடு வந்துவிட்டது. உலை மறுபடி ஓட மூன்றாண்டுகள் பிடித்தன. நிறுத்திவைத்துக் காரணம் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார்கள். அதைப் பாராட்ட வேண்டும். கல்பாக்கத்து வேக ஈனுலையின் கதை தனி. திரவச் சோடியம் அழுத்தமில்லாமலே வெப்பத்தைச் சுமப்பதால், அங்கே வெப்ப ஏற்ற இறக்கத்தின் வேகமே எல்லை.

கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13 அன்று தொடர்வினை கண்டது, இரண்டாவது 2016 ஜூலை 10 அன்று. அதற்கு முன்பே கலனைப் பற்றிக் கேள்வி எழுந்தது. எரிபொருளுக்கு நேரெதிரே, நியூட்ரான் அதிகம் படும் இடுப்புப் பகுதியில் பற்றவைப்பு இருக்கிறது என்று 2012-13இல் அணுஉலை எதிர்ப்பில் நின்ற மருத்துவர்களும் ஆய்வாளர்களும் எழுதினார்கள். எஃகை வளையங்களாக அடித்து உருவாக்கிப் பற்றவைப்பது வி.வி.இ.ஆர். மரபு. எனவே நெடுக்குப் பற்றவைப்பு கிடையாது, வட்டப் பற்றவைப்பு உண்டு. இந்த வகைக் கலன்கள் சிலவற்றின் பற்றவைப்பில் நிக்கல் கூடுதலாக இருந்ததால் அவை வேகமாக இறுகியதும் உலகறிந்தது. ஆக அந்தக் கேள்வி வீம்புக்குக் கேட்டதில்லை. கூடங்குளத்துப் பற்றவைப்பில் நிக்கல் எவ்வளவு, செம்பு எவ்வளவு, தொடக்க மாற்ற வெப்பநிலை என்ன என்ற மூன்று எண்களைச் சொல்லியிருந்தால் விவாதத்தில் பாதி அன்றே முடிந்திருக்கும்.

இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சும்மா இருந்தது என்று சொல்வது நியாயமில்லை. 2013 ஏப்ரலில் சோதனையின்போது நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டு அவற்றைச் சரிசெய்ய வைத்தது. அந்த ஆண்டு மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் நிலையத்துக்கு அனுமதி தந்தபோது 15 உத்தரவுகளையும் சேர்த்தே பிறப்பித்தார்கள். பாகங்களின் தரத்தை உறுதிசெய்து வாரியமும் இந்திய அணுமின் கழகமும் அணுசக்தித் துறையும் இறுதி ஒப்புதல் தரும்வரை உலையை இயக்கக் கூடாது என்பது அவற்றில் முதன்மையானது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று உருவானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘தொழில்நுட்ப வரையறைகள்’ என்ற ஆவணத்துக்கு அது ஒப்புதல் தருகிறது. தாண்டவே கூடாத எல்லைகள், தானாக நிறுத்த வேண்டிய அளவுகள், இயக்க நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கும். மீறல் நடந்தால் தெரிவிக்க வேண்டும்; உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் பத்தாண்டுக்கொரு முழு ஆய்வின்போதும் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஏட்டில் இது உலகத் தரம். வாரியத்தின் சுதந்திரம்தான் பலவீனம். வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே இருந்தது. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். அந்தத் துறையின் கீழ்தான் உலைகளை ஓட்டும் இந்திய அணுமின் கழகமும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் இதைத் தெளிவாகவே எழுதினார். விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதம் ஐந்நூறு ரூபாய் என்றும் அந்த அறிக்கையில் இருந்தது. சுதந்திரமான அமைப்புக்காக 2011இல் கொண்டுவந்த மசோதா 2014இல் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய ‘சாந்தி’ சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. அதே சட்டம் தனியாருக்கும் அணுமின் துறையைத் திறந்துவிட்டிருக்கிறது. டேவிஸ்-பெஸ்ஸில் நடந்த பேரம் இனி இங்கும் நடக்கலாம் என்ற நினைப்போடுதான் வாரியத்தின் புதுத் தகுதியை எடைபோட வேண்டும்.

மக்கள் பார்வைக்கு எவ்வளவு வருகிறது? வாரியத்தின் விதித்தொகுப்புகளும் ஆண்டறிக்கைகளும் வெளிவருகின்றன. ஒரு குறிப்பிட்ட உலையின் அழுத்த-வெப்ப வளைகோடும், எஃகுத் துண்டுகளின் சோதனை முடிவும் வருவதில்லை. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் கூடங்குளத்தின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையைக் கொடுக்கச் சொன்னது. கழகம் கொடுக்காமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ரஷ்ய நிறுவனத்தின் வடிவமைப்பு ரகசியம் என்பது சொல்லப்பட்ட காரணம். வடிவமைப்பில் மறைக்க வேண்டியது இருக்கட்டும். ஒரு கலனின் மாற்ற வெப்பநிலை எந்த வணிகனுக்கும் பயன்படாது. அந்தக் கலனின் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

அழுத்தமும் வெப்பமும் முதலில் தீண்டுவது ஊழியரின் உடம்பை. 2014 மே 14 அன்று கூடங்குளம் முதல் உலையில் பராமரிப்பு வேலையின்போது வெந்நீர் கொட்டி ஆறு பேர் காயமடைந்தார்கள். மூவர் கழக ஊழியர்கள், மூவர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அணுக்கதிருக்கும் அந்த நிகழ்வுக்கும் தொடர்பில்லை என்று உடனே அறிக்கை வந்தது. அது உண்மைதான். ஆனால் ஒரு குழாயைத் திறக்குமுன் அதில் அழுத்தமும் சூடும் தணிந்ததா என்று உறுதிசெய்வது உலைக்கலனைக் காப்பதற்குச் சமமான ஒழுங்கு. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதமும் ஜூலை 1 அன்றும் கொதிகலன்கள் வெடித்துப் பல உயிர் போனபோதும் முன்னணியில் நின்றவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். எல்லை என்ன என்று தெரியும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில் சேர வேண்டும். சிவகாசிப் பக்கத்து அறைச் சுவரில் அது எழுதியிருக்கிறது.

கூடங்குளத்தில் மூன்று, நான்காம் உலைகளின் கட்டுமானம் 2017இலும் ஐந்து, ஆறாம் உலைகளின் கட்டுமானம் 2021இலும் தொடங்கின. புதுக் கலன் ஒன்றில் எரிபொருள் ஏறும் முன்பே எஃகின் தொடக்க நிலை அளவிடப்பட்டுவிடுகிறது: வேதிக் கூறுகள், மாற்ற வெப்பநிலை, எந்தப் பற்றவைப்பு எங்கே, எத்தனை துண்டுகள் உள்ளே போகின்றன, எந்தெந்த ஆண்டில் எடுக்கப்படும். ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கும் விவரம். இந்த நான்கு உலைகளுக்கும் அதை வாரியம் தன் இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும். முதல் இரண்டு உலைகளுக்கு இதுவரை எடுத்த துண்டுகளின் முடிவையும், இனி ஒவ்வொரு பெட்டியையும் எடுத்துச் சோதித்த ஆறு மாதத்துக்குள் திருத்திய வளைகோட்டையும் அதோடு சேர்க்க வேண்டும். சட்டத் தகுதி பெற்ற வாரியம் இதற்காகத் துறையிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.